நிலவில் வெட்டியெடுக்கும் கனிமத்துக்கு ராயல்டி யாருக்குச் சேர வேண்டும்?

நிலவிலோ சிறுகோள்களிலோ ஒரு தனியார் நிறுவனம் கனிமத்தை வெட்டியெடுத்து விற்றால், அதற்கு வரி வாங்கும் உரிமை எந்த அரசுக்கு உண்டு, அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, இந்தியா போன்ற நாட்டுக்கு அதில் ஏதேனும் பங்கு கிடைக்குமா என்பதே கேள்வி. இன்றைய நிலையில் விடை இதுதான்: அந்த நிறுவனம் தான் சார்ந்த நாட்டுக்கு வருமான வரி கட்டும், கனிமத்துக்கான ராயல்டியை யாருக்கும் கட்டாது. இந்த இரண்டாவது பாதிதான் முக்கியமானது என்று கருதுகிறேன். வரி எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. ஆனால் பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டியவர் யார் என்பது முடிவாகாத வரை விழுக்காட்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

பூமியில் சுரங்கம் நடத்துபவர் இரண்டு விதமாகப் பணம் கட்டுகிறார். ஒன்று, எல்லாத் தொழில்களுக்கும் உள்ள வருமான வரி முதலானவை. மற்றொன்று, மண்ணுக்கடியில் கிடக்கும் கனிமத்தை எடுத்துச் செல்வதற்காக, டன்னுக்கு இவ்வளவு என்றோ விலையில் இத்தனை விழுக்காடு என்றோ, குத்தகைக்கு விட்டவருக்குத் தரும் ராயல்டி. இவை இரண்டும் ஒன்றா வேறா என்பது இந்தியாவில் பல பத்தாண்டுகள் நீண்ட வழக்கு. தமிழ்நாட்டில் ராயல்டியின் மீது விதிக்கப்பட்ட உள்ளாட்சி செஸ்ஸை எதிர்த்து இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கில், ராயல்டியும் ஒரு வரியே என்று 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு கூறியது. 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், அதை மாற்றியது. ராயல்டி என்பது கனிமத்தை எடுக்கும் உரிமைக்காகக் குத்தகைதாரர் ஒப்பந்தப்படி தரும் ஈடு. வரி என்பது அரசு தன் இறையாண்மையால் சட்டம் போட்டு வசூலிப்பது என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது.

நம் கேள்விக்கு இந்தப் பிரிவினை நேரடியாகப் பொருந்துகிறது. நிலவைக் குத்தகைக்கு விட உரிமையாளர் இல்லை. ஆகவே ராயல்டி கேட்க ஆளில்லை. நிலவின் நிலப்பரப்பு எந்த அரசின் இறையாண்மைக்கும் உட்பட்டதல்ல. ஆகவே வருமானம் விளைந்த இடத்தில் வரி வாங்கும் உரிமையும் எந்த அரசுக்கும் இல்லை. எஞ்சி நிற்பது, நிறுவனம் எந்த நாட்டைச் சேர்ந்ததோ அந்த நாட்டின் வரி மட்டுமே.

இதற்கெல்லாம் மூலம் 1967 ஜனவரி 27 அன்று கையெழுத்துக்குத் திறக்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபர் 10-இல் நடைமுறைக்கு வந்த விண்வெளி உடன்படிக்கை. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. விண்வெளிக்குச் செல்லும் வல்லமை கொண்ட முக்கிய நாடுகள் அனைத்தும் அதில் அடக்கம். அதன் முதல் பிரிவு, விண்வெளியை ஆராய்வதும் பயன்படுத்துவதும் எல்லா நாடுகளின் நன்மைக்காகவும் நடைபெற வேண்டும் என்கிறது. இரண்டாம் பிரிவு, இறையாண்மை கோரியோ, பயன்படுத்தியோ, குடியேறியோ, வேறு எந்த வழியிலோ விண்வெளியையும் விண்பொருட்களையும் எந்த நாடும் தனதாக்கிக்கொள்ள முடியாது என்கிறது. ஆறாம் பிரிவு, தன் நாட்டுத் தனியார் நிறுவனங்கள் விண்வெளியில் செய்யும் செயல்களுக்கும் அரசே பொறுப்பு என்றும், அரசின் அனுமதியும் தொடர் கண்காணிப்பும் இல்லாமல் அவை இயங்கக் கூடாது என்றும் விதிக்கிறது. அதாவது நிர்வாகத்துக்கான அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது கனிமத்தைப் பற்றிய சொல். எடுக்கலாம் என்றும் அந்த உடன்படிக்கை சொல்லவில்லை. எடுக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை.

இந்த இடைவெளியை அமெரிக்கா ஒரு விதமாக வாசித்தது. பெருங்கடலின் நடுப்பகுதி எந்த நாட்டுக்கும் சொந்தமல்ல. ஆனாலும் அங்கே பிடித்த மீன் பிடித்தவருக்குச் சொந்தம். அதுபோல நிலவு யாருடையதும் அல்ல, அங்கே எடுத்த பொருள் எடுத்தவருடையது என்பது அந்த வாதம். 2015 நவம்பர் 25 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், விண்வெளியில் எடுத்த வளத்தை வைத்திருக்கவும், சொந்தமாக்கிக்கொள்ளவும், கொண்டு செல்லவும், பயன்படுத்தவும், விற்கவும் அமெரிக்கக் குடிமக்களுக்கு உரிமை தந்தது. எந்த விண்பொருளின் மீதும் அமெரிக்கா இறையாண்மை கோரவில்லை என்று அதே சட்டம் தனியாக எழுதியும் வைத்தது. லக்சம்பர்க் 2017-இலும், ஐக்கிய அரபு அமீரகம் 2019-இலும், ஜப்பான் 2021-இலும் இதே வழியில் சட்டம் இயற்றின. நிலவு ஆய்வுக்காக அமெரிக்கா முன்வைத்து, 2020 அக்டோபர் 13 அன்று எட்டு நாடுகளுடன் தொடங்கிய ஆர்ட்டெமிஸ் உடன்பாடும், வளத்தை எடுப்பது தன்னளவில் விண்வெளி உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு தடுக்கும் தனதாக்கல் ஆகாது என்று கூறுகிறது.

எடுத்த பொருளுக்கு உரிமை உண்டு என்ற வாதத்தை நான் முழுமையாக மறுக்கவில்லை. அப்போலோ விண்வெளி வீரர்கள் கொண்டுவந்த 382 கிலோ நிலவுக் கற்கள் அமெரிக்காவின் உடைமை என்பதை எந்த நாடும் எதிர்த்ததில்லை. சாங்கே-6 கலம் 2024 ஜூனில் நிலவின் மறுபக்கத்திலிருந்து கொண்டுவந்த 1,935.3 கிராம் மண் சீனாவுடையது என்பதையும் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் மீன் வாதம் பாதியில் நின்றுவிடுகிறது. நம் ஊர்களில் ஏரியை யாரும் பட்டா போட்டுக்கொள்ள முடியாது. ஆனாலும் ஏரி மீனைப் பிடிப்பவர் மீன்பாசி குத்தகையை ஏலம் எடுத்து, பணத்தைப் பொதுவுக்குக் கட்டிவிட்டுத்தான் வலை வீசுகிறார். பிடித்த மீன் அவருடையது என்பதும், பிடிப்பதற்கு அவர் பொதுவுக்குக் கடன்பட்டவர் என்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. 2015 முதல் வந்த தேசியச் சட்டங்கள் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டன.

இரண்டாம் பாதியை எழுத முயன்றது 1979-இன் நிலவு ஒப்பந்தம். நிலவும் அதன் இயற்கை வளங்களும் மனிதகுலத்தின் பொது மரபுரிமை என்றும், சுரங்கம் சாத்தியமாகும் காலம் நெருங்கும்போது அதை ஆள ஒரு பன்னாட்டு ஏற்பாட்டை உருவாக்க வேண்டும் என்றும் அதன் 11-ஆம் பிரிவு கூறியது. கிடைக்கும் பயன்களை நியாயமாகப் பகிரும்போது, வளரும் நாடுகளின் தேவைகளையும், நிலவை ஆராய்வதற்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ உழைத்த நாடுகளின் பங்களிப்பையும் தனியாகக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அது சொன்னது. இந்த இரண்டு தகுதிகளும் ஒருங்கே உடைய நாடு இந்தியா. 2008-இல் மயில்சாமி அண்ணாதுரையைத் திட்ட இயக்குநராகக் கொண்டு ஏவப்பட்ட சந்திரயான்-1 சுமந்து சென்ற நாசாவின் கருவிதான், நிலவின் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகள் இருப்பதற்கான தடயத்தைக் கண்டது. 2009 செப்டம்பரில் அது அறிவிக்கப்பட்டது. இன்று எல்லோரும் நிலவின் தென்துருவத்தை நோக்கி ஓடுவதற்கான காரணங்களில் அந்தக் கண்டுபிடிப்பும் ஒன்று.

ஆனாலும் இந்தியா 1982-இல் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதோடு நின்றுவிட்டது; ஏற்புறுதி செய்யவில்லை. 1984-இல் நடைமுறைக்கு வந்த அதில் இருபதுக்கும் குறைவான நாடுகளே இருக்கின்றன. அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் இல்லை. உறுப்பு நாடாக இருந்த சவுதி அரேபியாவும் 2024 ஜனவரியில் வெளியேறியது. இந்தியா 2023 ஜூன் 21 அன்று ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் சேர்ந்தது. ஒரே பொருளைப் பற்றி இருவேறு திசைகளில் போகும் இரண்டு ஆவணங்களில் நம் நாட்டின் கையெழுத்து இருக்கிறது என்பதை நம்மில் பலர் கவனித்ததில்லை.

எடுத்த பொருளின் மீதான இந்த உரிமைகள் வெறும் தாளில் இல்லை, நடைமுறையாகவே மாற்றப்பட்டு வருகின்றன என்பதற்கு ஒரு சிறு பரிவர்த்தனையை அருகில் சென்று பார்க்க வேண்டும். 2020 டிசம்பரில் நாசா நான்கு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்தது. நிலவில் சிறிதளவு மண்ணை அள்ளி, படம் எடுத்து, எந்த இடத்தில் எடுத்தது என்ற விவரத்துடன், அதன் உரிமையை அங்கேயே நாசாவுக்கு மாற்றித் தர வேண்டும். மண் பூமிக்கு வரவேண்டிய அவசியம்கூட இல்லை. மாஸ்டன் நிறுவனம் 15,000 டாலர் கேட்டது. ஐஸ்பேஸ் நிறுவனத்தின் ஜப்பான், ஐரோப்பியப் பிரிவுகள் தலா 5,000 டாலர் கேட்டன. லூனார் அவுட்போஸ்ட் ஒரே ஒரு டாலர் கேட்டது. ஒப்பந்தம் போட்டவுடன் பத்து விழுக்காடு, ஏவும்போது பத்து விழுக்காடு, வேலை முடிந்ததும் எண்பது விழுக்காடு என்பது பணம் தரும் முறை. அதன்படி லூனார் அவுட்போஸ்ட் பெற்ற முதல் தவணை பத்து சென்ட்.

பத்து சென்டுக்குக் காசோலை எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பன்னாட்டுச் சட்டம் பெரும்பாலும் நாடுகளின் நடைமுறையிலிருந்தும், அந்த நடைமுறையை மற்றவர்கள் எதிர்க்காமல் இருப்பதிலிருந்தும் உருவாகிறது. ஒரு நாட்டின் அரசு விலை கொடுத்து வாங்கியது, ஒரு நிறுவனம் விற்றது, வேறெந்த நாடும் ஆட்சேபம் பதிவு செய்யவில்லை என்ற நிலை நாலைந்து முறை நிகழ்ந்துவிட்டால், ராயல்டி இல்லாத உரிமை வழக்கமாக இறுகிவிடும். ஜப்பான் தன் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதல் உரிமத்தை ஐஸ்பேஸ் நிறுவனத்துக்கு வழங்கியது இந்த விற்பனைக்காகவே. அந்த நிறுவனத்தின் தரையிறங்கும் கலங்கள் 2023-இலும் 2025-இலும் நிலவில் மோதி நொறுங்கின, மண் கைமாறவில்லை. உரிமம் வழங்கிய முன்மாதிரி மட்டும் நிலைத்திருக்கிறது. 2025-இல் அமெரிக்க எரிசக்தித் துறை, நிலவிலிருந்து எடுக்கப்படும் ஹீலியம்-3 வாயுவில் மூன்று லிட்டரை வாங்க இன்டர்லூன் என்ற நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்திருப்பதும் இதே வரிசையில் வருவதுதான்.

இனி வருமான வரியின் நிலையைப் பார்ப்போம். அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 863-ஆம் பிரிவில் 1986-இல் சேர்க்கப்பட்ட விதியின்படி, விண்வெளியில் ஈட்டும் வருமானம், ஈட்டியவர் அமெரிக்கராக இருந்தால் அமெரிக்காவிலேயே விளைந்ததாகக் கருதப்படும். அமெரிக்கர் அல்லாதவர் ஈட்டினால், பொதுவாக, வெளிநாட்டில் விளைந்ததாகக் கருதப்படும். இரட்டை வரி விலக்கு ஒப்பந்தங்களுக்குப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு எழுதிய விளக்கவுரையும் இதற்கு இசைவானதே. ஒரு நிறுவனத்துக்கு வெளிநாடு ஒன்றில் நிரந்தர அமைவிடம் இருந்தால்தான் அங்கே அதன் தொழில் லாபத்துக்கு வரி விதிக்க முடியும். புவிநிலைச் சுற்றுப்பாதையில் நிற்கும் செயற்கைக்கோள் எந்த நாட்டின் எல்லைக்குள்ளும் இல்லாததால் அது அமைவிடம் ஆகாது என்கிறது அது. செயற்கைக்கோளுக்குச் சொன்னது நிலவில் தோண்டும் இயந்திரத்துக்கும் பொருந்தும்.

இதன் விளைவை ஊகிப்பது எளிது. சுரங்கம் இருக்கும் இடத்தை மாற்ற முடியாது. நிறுவனம் பதிவாகும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். பூமியில் ஒரு சுரங்க நிறுவனம் தலைமையகத்தை எங்கே வைத்துக்கொண்டாலும் தாது கிடக்கும் நாட்டின் ராயல்டியிலிருந்து தப்ப முடியாது. விண்வெளியில் அந்தப் பிடி இல்லை. எல்லா வரியும் பதிவு செய்த நாட்டோடு முடிவதால், குறைந்த வரியும் தளர்ந்த கண்காணிப்பும் தரும் நாடுகள் நிறுவனங்களை ஈர்க்கும். சரக்குக் கப்பல்கள் பனாமாவின் கொடியையும் லைபீரியாவின் கொடியையும் ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றுவது எப்படி வழக்கமானதோ, அதே வழியில் இதுவும் செல்லும். லக்சம்பர்க் சட்டத்தில் நிறுவனம் செலுத்த வேண்டியது விண்ணப்பக் கட்டணம்தான். விண்ணப்பத்தின் சிக்கலைப் பொறுத்து 5,000 முதல் 500,000 யூரோ வரை. எடுக்கும் கனிமத்தின் அளவுக்கு ஏற்ற கட்டணம் எதுவும் அதில் இல்லை. பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்கு 15 விழுக்காடு குறைந்தபட்ச வரி என்ற ஏற்பாடு, ஆண்டுக்கு 750 மில்லியன் யூரோ வருவாய் உள்ளவற்றைத்தான் எட்டும். விண்வெளிச் சுரங்கத்தில் இறங்கியிருக்கும் இளம் நிறுவனங்கள் அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கின்றன.

இந்தச் சிக்கல் மனிதர்களுக்குப் புதிதல்ல. ஆழ்கடலில் இதைச் சந்தித்துவிட்டோம். எந்த நாட்டின் எல்லைக்கும் அப்பாற்பட்ட கடற்படுகையில் மாங்கனீசும் நிக்கலும் கோபால்ட்டும் கலந்த உருண்டைகள் கிடக்கின்றன. அவை மனிதகுலத்தின் பொது மரபுரிமையாக வேண்டும் என்று மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ 1967 நவம்பர் 1 அன்று ஐ.நா. அவையில் பேசினார். விண்வெளி உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து அப்போது மூன்று வாரங்களே ஆகியிருந்தன. 1982-இல் உருவான கடல் சட்ட உடன்படிக்கை அந்தக் கருத்தை ஏற்று, தெளிவான கட்டணங்களையே எழுதிவைத்தது. சுரங்கக்காரர் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் நிலைக்கட்டணம் செலுத்த வேண்டும். உற்பத்திக் கட்டணத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால், முதல் பத்து ஆண்டுகளுக்கு உலோகத்தின் சந்தை விலையில் 5 விழுக்காடும் அதன் பிறகு 12 விழுக்காடும் செலுத்த வேண்டும்.

அந்தக் கட்டணங்கள் ஒரு நாளும் வசூலிக்கப்படவில்லை. தொழில்வள நாடுகள் சேர மறுத்தன. 1994-இல் செய்யப்பட்ட திருத்த உடன்பாடு அந்த எண்களை அகற்றிவிட்டு, நிலத்தில் உள்ள சுரங்கங்களுக்கு நிகரான விகிதம் இருக்க வேண்டும் என்ற பொதுவான வாசகத்தை வைத்தது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இயங்கும் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையம் இன்னும் சுரங்க விதிகளை முடிக்கவில்லை. இதற்கிடையில் அமெரிக்க அதிபர் 2025 ஏப்ரலில் ஓர் ஆணை பிறப்பித்து, ஆணையத்தைச் சுற்றிக்கொண்டு உள்நாட்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் வழங்கும் பாதையைத் திறந்தார். ஆகவே ஆழ்கடல் ஆணையத்தைப் போலவே நிலவுக்கும் ஓர் ஆணையம் அமைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. எடுப்பவர் ஒருவரும் இல்லாத காலத்திலேயே விகிதத்தை உயரத்தில் நிர்ணயித்ததும், ஆணையமே சுரங்கத் தொழில் நடத்தும் என்று எழுதியதும்தான் அந்த ஏற்பாட்டைத் தளர்த்தின.

அதே கடல் சட்டத்துக்குள் பலரும் கவனிக்காத ஒரு நல்ல பிரிவு இருக்கிறது. 82-ஆம் பிரிவு, கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பாலும் நீளும் கண்டத்திட்டில், அதாவது நிலத்தின் தொடர்ச்சியான கடலடிப் பரப்பில், ஒரு நாடு எண்ணெயோ கனிமமோ எடுத்தால், அதன் ஒரு பகுதியை உலகத்தோடு பகிர வேண்டும் என்கிறது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒன்றுமில்லை. ஆறாம் ஆண்டில் உற்பத்தி மதிப்பில் 1 விழுக்காடு. பிறகு ஆண்டுக்கு ஒரு விழுக்காடாக ஏறி, பன்னிரண்டாம் ஆண்டில் 7 விழுக்காட்டை எட்டி அங்கேயே நிற்கும். முதலீட்டாளர் போட்ட பணத்தை எடுக்கும் வரை பொறுத்திருந்து, பிறகு படிப்படியாகக் கேட்பது இந்த முறை. அதைக் கொடுக்க வேண்டியது நிறுவனம் அல்ல, நாடு. நிறுவனத்திடமிருந்து அதை எப்படி வசூலித்துக்கொள்வது என்பது அந்த நாட்டின் பாடு.

இன்னொரு முன்னுதாரணம் இதைவிட வியப்பானது. கடல் சட்ட உடன்படிக்கையில் கடைசி வரை சேராத அமெரிக்காவே, 1980-இல் தன் ஆழ்கடல் சுரங்கச் சட்டத்தோடு ஒரு வரியையும் இயற்றியது. எடுக்கும் கனிமத்தில் உள்ள உலோகங்களின் சந்தை மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் கணக்கு மதிப்பாகக் கொண்டு, அதில் 3.75 விழுக்காடு வரி. அதாவது முழு மதிப்பில் 0.75 விழுக்காடு. அந்தப் பணம் தனி அறக்கட்டளை நிதியில் சேர்க்கப்பட்டு, பிற்காலத்தில் பன்னாட்டு உடன்படிக்கை உருவானால் நாடுகளுக்கிடையே வருவாயைப் பகிர்வதற்குப் பயன்பட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தச் சட்டத்தின் கீழ் சுரங்கமே நடக்கவில்லை. பத்து ஆண்டுகளில் வரியும் காலாவதியானது. பணம் சேரவில்லை என்பது உண்மை. ஆனால் பொதுவிடத்திலிருந்து எடுப்பவர் பொதுவுக்கு ஒரு பங்கை ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற கொள்கையை அமெரிக்க நாடாளுமன்றமே ஒரு காலத்தில் ஏற்றிருந்தது. 2015-இன் விண்வெளிச் சட்டத்தில் அதன் சுவடுகூட இல்லை. இந்தப் பின்வாங்கலைப் பன்னாட்டு அவைகளில் வளரும் நாடுகள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வரி விதிப்பதில் தொழில்முறைச் சிக்கல்களும் உண்டு. அவற்றில் பெரியது மதிப்பீடு. சைக்கி என்ற உலோகச் சிறுகோளின் மதிப்பு ஒன்றுக்குப் பின்னால் பத்தொன்பது சுழியங்கள் இட்ட டாலர் என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். அந்த எண்ணுக்குப் பொருளாதாரத்தில் எந்த மதிப்பும் இல்லை. அவ்வளவு உலோகம் சந்தைக்கு வந்தால் விலை தரைமட்டமாகும். உண்மை நிலவரம் வேறு. பெனு சிறுகோளிலிருந்து நாசா 2023 செப்டம்பரில் கொண்டுவந்தது 121.6 கிராம், திட்டச் செலவு 100 கோடி டாலருக்கு மேல். ஒரு கிராமுக்கு எண்பது லட்சம் டாலருக்கும் அதிகம். இது அறிவியலுக்காகச் செய்த செலவு, அதற்கு விலை பேச முடியாது. ஆனால் சிறுகோள் பிளாட்டினத்துக்கு வரி விதித்து ஏழை நாடுகளின் கஜானாவை நிரப்பலாம் என்ற பேச்சு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை இது காட்டும். இந்தத் தொழிலில் இறங்கிய பிளானட்டரி ரிசோர்ஸஸ் நிறுவனம் 2018-இல் கைமாறியபோது, அதில் பங்கு வாங்கியிருந்த லக்சம்பர்க் அரசு 1 கோடியே 20 லட்சம் யூரோவை இழந்தது.

முதலில் சந்தைக்கு வரக்கூடியது உலோகம் அல்ல, நீர். நிலவின் தென்துருவத்தில் ஒருபோதும் வெயில் படாத பள்ளங்களில் பனிக்கட்டி கலந்த மண் இருக்கிறது. 2009 அக்டோபரில் கேபியஸ் பள்ளத்தில் நாசா ஒரு ராக்கெட் பகுதியை மோதவிட்டு ஆராய்ந்தபோது, சிதறிய மண்ணின் எடையில் சுமார் 5.6 விழுக்காடு நீர் என்று கணித்தார்கள். அந்த நீரைப் பிரித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கிடைக்கும்; ராக்கெட்டுக்கு எரிபொருள் ஆகும். இந்த நீர் பூமிக்கு வராது. எந்தச் சுங்கச் சாவடியையும் கடக்காது. எடுப்பவரும் வாங்குபவரும் பல நேரங்களில் ஒரே நாட்டவர், சில நேரங்களில் ஒரே குழுமத்தின் இரண்டு நிறுவனங்கள். வெளிச்சந்தை விலை இல்லாத பொருளுக்கு விலையில் இத்தனை விழுக்காடு என்று ராயல்டி கேட்டால், கணக்கில் காட்டும் விலை எப்போதும் ஒரு டாலராகவே இருக்கும். நாசாவுக்கு விற்க ஒப்புக்கொண்ட மண்ணின் விலையே அதற்குச் சான்று.

ஆகவே மதிப்பு எங்கே குவிந்திருக்கிறதோ அங்கே கைவைக்க வேண்டும். அது இடத்தில் குவிந்திருக்கிறது. தென்துருவத்தில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் படும் மேட்டு விளிம்புகள் மிகச் சில. மின்சாரத்துக்கு அந்த வெயில் வேண்டும். அதன் அருகிலேயே பனிக்கட்டிப் பள்ளம் வேண்டும். இரண்டும் சேர்ந்த இடங்களை விரல்விட்டு எண்ணலாம். முதலில் போனவர் அங்கே ஒரு நிலையம் அமைத்து, ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டின் 11-ஆம் பிரிவு பேசும் பாதுகாப்பு வளையத்தை அறிவித்துவிட்டால், சட்டப்படி அது சொத்துரிமை அல்ல என்றாலும் நடைமுறையில் மற்றவர் நெருங்க முடியாது. அந்த வளையம் தற்காலிகமானது, பணி முடிந்ததும் நீங்க வேண்டியது என்று உடன்பாடு சொல்கிறது. பணி எப்போது முடிகிறது என்பதைச் சொல்ல வேண்டியவர் வளையத்துக்குள் இருப்பவரே. அந்த உடன்பாட்டில் சேராமல் தனி நிலையம் திட்டமிடும் சீனாவும் ரஷ்யாவும் இதே துருவத்தைத்தான் குறிவைக்கின்றன என்பதால் இது கற்பனைப் பூசல் அல்ல.

என் கருத்தில், முதல் கட்டணம் எடுத்த கனிமத்துக்காக அல்ல, பிறரை விலக்கிவைக்கும் பரப்புக்காக இருக்க வேண்டும். பாதுகாப்பு வளையம் அறிவிக்கும் ஒவ்வொருவரும் சதுர கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஆண்டு வாடகை செலுத்த வேண்டும். வேலை எதுவும் நடக்காமல் இடத்தைப் பிடித்துவைத்தால் வாடகை ஆண்டுதோறும் ஏற வேண்டும். பரப்பை அளப்பது எளிது; விலையைப் போலப் பொய்க்கணக்குக் காட்ட முடியாது. அறிவியல் ஆய்வுக்கு விலக்கு தரலாம். உற்பத்திக் கட்டணம் இரண்டாவதாக வர வேண்டும், கடல் சட்டத்தின் 82-ஆம் பிரிவைப் போல ஐந்தாண்டு அவகாசத்துக்குப் பிறகு 1 விழுக்காட்டில் தொடங்கி, வெளியாருக்கு விற்கும் பொருளுக்கு மட்டும். வசூலிக்கும் வேலையைப் புதிய பன்னாட்டு ஆணையத்திடம் விடாமல், விண்வெளி உடன்படிக்கையின் ஆறாம் பிரிவின்படி ஏற்கெனவே பொறுப்பாளியாக இருக்கும் நாட்டிடமே விட்டு, அது பொது நிதியில் செலுத்த வேண்டும் என்று விதிக்கலாம். இறையாண்மை கோராமல் எப்படிக் கட்டணம் வாங்குவது என்ற சட்டச் சிக்கலும் இதனால் தீரும். தன் குடிமகனிடம் வாங்குவதற்கு எந்த நாட்டுக்கும் நிலவின் மீது இறையாண்மை தேவையில்லை.

கட்டாயப் பகிர்வு முதலீட்டைக் கொன்றுவிடும் என்பது எதிர்வாதம். பல நாட்டு வல்லுநர்களும் நிறுவனங்களும் சேர்ந்து 2019 நவம்பரில் முடித்த, விண்வெளி வளங்கள் பற்றிய ஹேக் பணிக்குழுவின் வரைவு, பணமாகப் பகிர்வதைக் கட்டாயமாக்கக் கூடாது என்றே எழுதியது. தரவுகளைப் பகிரலாம், பயிற்சி தரலாம் என்பது அதன் நிலை. லக்சம்பர்க்கின் இழப்பைச் சொன்ன நானே அந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவகாசம் முடிந்த பிறகு தொடங்கும் ஒரு விழுக்காடு எந்தத் திட்டத்தையும் கொல்லாது. பயிற்சியும் தரவும் நல்லவையே. அவை கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தவை, வாங்குபவரின் உரிமை அல்ல.

பூமிக்கு வரும் பொருளின் நிலை இதைவிட எளிது. இந்தியச் சுங்கச் சட்டம் 1962, இந்தியாவுக்கு வெளியே உள்ள ஓர் இடத்திலிருந்து இந்தியாவுக்குள் கொண்டுவருவதை இறக்குமதி என்று வரையறுக்கிறது. நிலவும் இந்தியாவுக்கு வெளியே உள்ள இடம்தான். தீர்வை விதிக்கப் புதிய கோட்பாடு எதுவும் தேவையில்லை.

இந்தியாவின் இன்றைய நிலை பாதிக் கட்டடம் போன்றது. 2023-இன் இந்திய விண்வெளிக் கொள்கை, விண்வெளி வளத்தை வணிக நோக்கில் எடுக்கத் தனியாரை ஊக்குவிக்கிறது. எடுத்ததைச் சொந்தமாக்கி விற்கவும் உரிமை உண்டு என்று, அமெரிக்கச் சட்டத்தின் சொற்களை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டு, நாட்டின் பன்னாட்டுக் கடமைகளுக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடு கூறுகிறது. தனியாருக்கு அனுமதி தர இன்-ஸ்பேஸ் என்ற அரசு அமைப்பு இருக்கிறது. ஆனால் 2017-இல் சுற்றுக்கு விடப்பட்ட விண்வெளிச் செயல்பாடுகள் மசோதா சட்டமாகவில்லை. கொள்கை என்பது நாடாளுமன்றச் சட்டம் அல்ல. அதை வைத்து எவரிடமும் கட்டணம் வசூலிக்க முடியாது.

ஐ.நா.வின் விண்வெளிக் குழுவின் சட்டத் துணைக்குழுவில், வளங்களைப் பற்றிய கோட்பாடுகளை வரையும் பணிக்குழு ஒன்று இயங்கிவருகிறது. அதன் பணித்திட்டம் 2027-இல் முடிகிறது. அதில் பகிர்வு என்ற சொல் தரவுக்கும் பயிற்சிக்கும் மட்டும் குறுக்கப்படாமல் பணத்துக்கும் இடம் விட்டிருக்க வேண்டும் என்று இந்தியா வலியுறுத்த வேண்டும். அந்த வாதத்துக்கு வலு வேண்டுமானால் உள்நாட்டிலேயே முதலில் செய்துகாட்ட வேண்டும். இந்தியச் சட்டம் இயற்றப்படும்போது, உரிமம் பெறும் ஒவ்வொரு நிறுவனமும் எடுத்த இடத்தையும் அளவையும் பொதுப் பதிவேட்டில் வெளியிட வேண்டும் என்றும், பன்னாட்டு ஏற்பாடு எதிர்காலத்தில் விதிக்கும் கட்டணத்துக்கு அந்த உரிமம் கட்டுப்பட்டது என்றும், அதுவரை சிறு விழுக்காட்டைத் தனி நிதியில் ஒதுக்கிவைக்க வேண்டும் என்றும் ஒரு பிரிவு அதில் இருக்க வேண்டும். முதல் உரிமத்திலேயே இதை எழுதிவிடுவது எளிது. அந்தப் பிரிவு இல்லாமல் பத்து உரிமங்கள் வழங்கப்பட்டு, அவற்றை நம்பி முதலீடும் வந்துவிட்டால், பிறகு அதைச் சேர்க்க முயலும் அரசு ஒவ்வொரு உரிமதாரரையும் நீதிமன்றத்தில் சந்திக்க வேண்டியிருக்கும்.